ஒரு ஈடு இட்லி நேரம்

புதுக் கண்ணாடியை மாட்டியதும் கமலவேணிக்குத் தரை எட்டடி கீழே இறங்கிப் போனது. மூக்கின்மேல் ஒரு யானை குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தது. ஆட்டிசம் உள்ள அவளுக்குப் புதுச் செருப்பு பழகவே ஒரு வருஷம் ஆகும். பழைய கண்ணாடியோ கெடு முடிந்து வரும் திங்கட்கிழமை தானாகவே இருண்டுவிடும். அப்புறம் நூலக வேலைக்கு முழுக்குத்தான்.

கை உதற, கழற்றி மேசைமேல் வைத்தாள். மேசைமேல் கண்ணாடியும் உதறிக்கொண்டிருந்தது.

"எனக்கும் இந்த மூக்கு புதுசு," என்றது மெல்ல. "காது வேற ஒண்ணு உசரமா இருக்கு. பயமா இருக்குக்கா."

கமலவேணிக்குத் தன் பயம் பாதி மறந்துபோனது.

"பயந்தா பரவாயில்ல. ஒரு ஈடு இட்லி வேகுற நேரம் மட்டும் சேர்ந்து இருப்போம். அப்புறம் கழட்டிடலாம். நாளைக்கு மறுபடியும்."

அவள் ஈடு ஈடாக அவித்துக் கொடுத்த இட்லியைத் தின்று மூன்று நாளில் அந்தத் தெருவே வீங்கிப்போனது.

ஞாயிறு காலை கமலவேணி கண்ணாடியோடு செய்தித்தாளில் மூழ்கியிருந்தாள். கணவன் அருளப்பன் எட்டிப் பார்த்தான்.

"இட்லி வெந்து, ஆறி, நான் தின்னும் முடிச்சாச்சு. இன்னுமா கழட்டல?"

"சத்தமாச் சொல்லாதீங்க," என்றாள் அவள். "அது இப்பத்தான் பயத்தை மறந்திருக்கு."