ரிம் தாங்கும் காற்று

இருந்தவர்கள்: மாமனார், மாமியார், மருமகன், ஒரு ஜோடி சைக்கிள் சக்கரங்கள்.

மகளும் வீட்டில்தான் இருந்தாள். உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்ததால் அவளைக் கணக்கில் சேர்க்க முடியாது.

சக்கரங்கள் அவளுடையவை. பந்தயத்துக்கென்றே செய்த கார்பன் சக்கரங்கள். காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்காக ரிம் மட்டும் மூன்று விரல் உயரம். நாளைக் காலை பந்தயம்.

டயர் தேர்ந்தெடுப்பது, மாட்டுவது, துடைத்து வைப்பது எல்லாம் கல்யாணமான நாளிலிருந்து மருமகனின் வேலை. அவளுக்கு ஒருமுறை மணிக்கட்டு முறிந்து சேர்ந்திருந்தது. இறுக்கமான டயரை ரிம்மில் ஏற்ற அந்தக் கை ஒத்துழைக்காது.

அவள் அப்பா வீட்டுக்கு வந்துவிட்ட பிறகும் இந்த ஒன்று மட்டும் நிற்கவில்லை. பந்தயத்துக்கு முந்தின சாயங்காலம் அவன் வருவான். கூடத்தில் பழைய போர்வையை விரித்து வேலை பார்ப்பான். நடுநடுவே உள்ளறைக் கதவைப் பார்ப்பான். போய்விடுவான்.

இந்த வீட்டுக்குள் வர அவனுக்கு வேறு காரணம் கிடையாது.

இன்றைக்கு மாமனார் சோபாவில் உட்காரவில்லை. பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு போர்வையில் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை. எந்த டயர் போடணும்னு எப்படி முடிவு பண்றீங்க?"

அவரிடமிருந்து இதுவரை வந்ததெல்லாம் ஒரு 'ம்' தான். மருமகன் இதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டான்.

இரண்டு அகலத்தில் டயர் கொண்டு வந்திருந்தான். பெரியதை ரிம் மேல் வைத்துக் காட்டினான்.

"ரிம்மை விட டயர் வெளிய பிதுங்கக் கூடாது மாமா. பிதுங்கினா காத்து அங்கயே முட்டிச் சிதறிடும். இவ்வளவு உயர ரிம் வாங்கியும் பிரயோஜனம் இல்ல."

"தொப்பை ஆகாதுங்கிறார்," என்றார் மாமனார்.

மாமியார் மருமகனின் சட்டைப் பொத்தான்களைப் பார்த்தார்.

சின்ன டயர் என்று முடிவானது.

அவன் சொல்லிக்கொண்டே போனான். வெறும் சோப்புத் தண்ணீர், மெத்தென்ற துணி. தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. வெயிலில் சாய்த்து வைக்கக் கூடாது. இரும்பு எதுவும் கிட்டவே வரக் கூடாது. டயரைக் கழற்ற பிளாஸ்டிக் லீவர் மட்டும்தான்.

"நம்ம வீட்டுல யாரையும் இவ்வளவு செல்லமா வளர்க்கல," என்றார் மாமியார்.

மாமனார் பல் டாக்டர். ரிம்மில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும் என்றதும், சொல்லிக் கொடுக்காமலே செய்தார். சுற்றி முடித்து, "சொத்தை இல்ல," என்றார்.

தண்ணீர் வந்தது. டீ வரவில்லை.

மருமகன் முன் சக்கரத்தை முடித்தான். பின் சக்கரத்தை எடுத்தபோது மாமனார் கையை நீட்டினார்.

"இப்படிக் கொடுங்க. இதை நான் போடறேன்."

டயரில் அம்புக்குறி எந்தப் பக்கம் என்று பார்த்தார். ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு சாண் அளவு மட்டும் முரண்டு பிடித்தது.

"வாயைத் தொறக்கச் சொல்லுங்க," என்றார் மாமியார்.

இரண்டு கட்டை விரல்கள். டயர் உள்ளே போய் உட்கார்ந்தது.

மருமகன் பாராட்ட வாயெடுத்தான். பாதியில் புரிந்தது. இந்த வீட்டில் இனி டயர் மாட்ட ஆள் இருக்கிறது.

"காத்து எவ்வளவு அடிக்கணும்?" என்றார் மாமனார்.

"காலைல நானே வந்து அடிச்சுத் தர்றேன் மாமா."

"அலைய வேண்டாம். பம்ப் இருக்கு. எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க."

மருமகன் போர்வையை மடித்தான். நிதானமாக மடித்தான்.

"டயர்லயே போட்டிருக்கும் மாமா."

அது பொய் இல்லை. டயரில் அதிகபட்சம் நூறு என்று போட்டிருந்தது. அது டயர் தாங்குவது. இந்த ரிம் தாங்குவது எழுபது. அதைச் சொல்லும் ஸ்டிக்கர் துடைத்துத் துடைத்து எப்போதோ போய்விட்டது. எழுபதைத் தாண்டினால் டயர் ரிம்மை விட்டு எகிறிவிடலாம்.

காலையில் அவர்களுக்குச் சந்தேகம் வரும், போன் வரும், உடனே புறப்படலாம் என்று அவன் கணக்குப் போட்டான்.

"வர்றேன் மாமா. வர்றேன் அத்தை."

வாசலுக்கு வந்து ஷூ மாட்டினான். ஒரு காலுக்கு நாடா கட்டினான்.

பந்தயப் பாதையில் ஓர் இறக்கம் இருக்கிறது. அதில் அவள் பிரேக் பிடிக்க மாட்டாள்.

இன்னொரு காலுக்குக் கட்டவில்லை. பெல் அடித்தான்.

மாமனார்தான் திறந்தார். கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார் போலிருக்கிறது.

"மாமா, டயர்ல இருக்கிற நம்பரைப் பார்க்காதீங்க. எழுபது. அதுக்கு மேல ஒரு பொட்டு ஏறக் கூடாது. ரிம் தாங்காது."

"எழுபது," என்றார் மாமனார். "தெரியும். அவ சொன்னா."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட கேட்டீங்க?"

"நீங்க சொல்றீங்களான்னு பார்க்கச் சொன்னா."

"சொல்லிட்டேனே மாமா."

"வாசலுக்கு வந்தப்புறம்தானே," என்றார் மாமனார். குரலில் கோபம் எதுவும் இல்லை. "எப்பவும் அப்படித்தானாம்."

கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. அதற்குப் பிறகு பூட்டுக்குள் சாவி ஒரு சுற்று சுற்றியது.