எல்லாம் ஒரே டேங்க் தண்ணிதான்

"அம்மா, பாட்டில் வேணாம்மா. இன்னிக்கும் எச்.எம். மிஸ் கீழதான் ஊத்துவாங்க."

யுவராணி கேட்காமல் மகனின் பையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்தாள். நாலு நாளாக இதே கதை. புதிதாக மாற்றலாகி வந்த தலைமையாசிரியை லூர்துமேரி, இவர்களுடைய மேட்டுத் தெருப் பிள்ளைகளின் பாட்டிலை மட்டும் பிடுங்கி வாசலிலேயே கவிழ்க்கிறாராம். பள்ளிக்கூடக் குழாயில் பிடித்துக் குடிக்கச் சொல்கிறாராம். மற்ற தெருப் பிள்ளைகளின் பாட்டிலைத் தொடுவதே இல்லை.

"வாயைத் திற."

அருள்குமார் திறந்தான். புதிதாக முளைத்த முன்பல் இரண்டிலும் பழுப்புக் கோடு. உப்பும் கரியும் வைத்து அவள் தேய்த்த தேய்ப்பில் ஈறில் ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

"ஒழுங்கா தேய்டான்னா கேக்கறியா? கவிப்பிரியாவப் பாரு, பல்லு எப்படி வெளேர்னு இருக்குது!" முதுகில் ஒன்று வைத்தாள்.

கவிப்பிரியா பக்கத்து வீட்டு தர்மனின் பெண். அருள்குமாரின் வகுப்புத்தான். தர்மன்தான் தெரு டேங்க்குக்குத் தண்ணீர் ஏற்றுபவர்.

தண்ணீரில் ஏதாவது கோளாறோ என்று போன மாதமே யுவராணி அவரிடம் பயந்து பயந்து கேட்டிருந்தாள்.

"டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்டே வந்தாச்சு தங்கச்சி. தண்ணியில ஒன்னுமில்ல. புள்ளைங்க பல்லு தேய்க்காத குத்தம்."

அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

ஒன்பது மணிக்குத் தெருவே பள்ளிக்கூடத்தில் நின்றது. முன்னால் தர்மன்.

"எங்க தெருத் தண்ணின்னா அவ்ளோ எளக்காரமாங்க? நாங்க என்ன ஆளுங்கன்னு பாத்துட்டுத்தானே ஊத்தறீங்க?"

லூர்துமேரி கோபப்படவில்லை. மேசைமேல் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார்.

"தண்ணி டெஸ்ட் பண்ற பெட்டிங்க. நேத்து சாயந்தரம்தான் கைக்கு வந்துச்சு. உங்க புள்ளைங்க பல்லப் பாத்ததுமே எனக்குச் சந்தேகம். ஆதாரமில்லாம சொன்னா நம்புவீங்களா? அதான் வாயத் திறக்கல. அதுக்காக, குடிக்கட்டும்னு வுடவும் மனசு வரல."

பள்ளிக்கூடக் குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து மருந்தைச் சொட்டினார். ரோஸ் நிறமானது.

"இது நல்ல தண்ணி. ஃப்ளோரைடுங்கற உப்பு அதிகமிருந்தா மஞ்சளாயிடும்."

அடுத்து அருள்குமாரின் பாட்டில். யுவராணி எட்டிப் பார்த்தாள். ரோஸ் வெளுத்து, மஞ்சளானது.

இன்னொரு பாட்டில். மஞ்சள். அதற்கடுத்ததும் மஞ்சள்.

"பல்லுல ஆரம்பிக்கும். வருசக்கணக்கா குடிச்சா எலும்பையும் புடிச்சுக்கும்."

யுவராணியின் கை தானாக முழங்காலுக்குப் போனது. ஒரு வருடமாகக் குடைகிற வலி. அப்படியானால் காலையில் பிள்ளையை அடித்தது எதற்கு?

"வித்தை காட்டறீங்களா டீச்சர்?" தர்மன் குரலை உயர்த்தினார். "எங்க தெருவுல எல்லாம் ஒரே டேங்க் தண்ணிதாங்க. எம் பொண்ணும் அதைத்தான் குடிக்கறா. அவ பல்லுல கறை இருக்குதா? நீங்களே பாருங்க!"

யுவராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதானே! சட்டென்று, அப்பா பக்கத்தில் நின்ற கவிப்பிரியாவின் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"அண்ணன் சொல்றது நெசம்தானுங்க. இதுல ஊத்துங்க டீச்சர். இதுவும் மஞ்சளாச்சுன்னா உங்க மருந்துலதான் கோளாறு."

"அது... அதெல்லாம் எதுக்கு தங்கச்சி? அதான் ஒரே தண்ணின்னு சொல்றேன்ல. குடு இப்படி." தர்மன் கையை நீட்டினார்.

அதற்குள் பாட்டில் லூர்துமேரியின் கைக்குப் போயிருந்தது. மருந்து சொட்டியது. எல்லாரும் குப்பியையே பார்த்தார்கள்.

ரோஸ் ரோஸாகவே நின்றது.

தர்மன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கவிப்பிரியாதான் மெல்ல அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இப்பவாச்சும் சொல்லிடட்டுமா, நம்ம வூட்ல மட்டும் கேன் தண்ணின்னு?"