ரிவர்ஸ் எடுத்த டிராகன்

"இது லைப்ரரி புத்தகம் சார். உங்க வீட்டு ரஃப் நோட்டு இல்லை."

தடித்த அந்த மாயக்கதைப் புத்தகத்தை மேஜையில் தொப்பென்று போட்டார் நூலகர் அம்மா. எதிரே பஸ் டிரைவர், யூனிஃபார்ம் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

ஐந்தாவது தடவையாகத் தவணை நீட்டிக்க வந்தவர். பிரித்துப் பார்த்தால், கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நாற்பது தாள் ஒட்டியிருக்கிறது. எல்லாம் பழைய ட்ரிப் ஷீட். பின்பக்கம் பூரா பேனாக் கிறுக்கல்.

நூலகர் நாடகக் குரலில் படித்தார். "'டிராகன் சைடு மிரரைப் பார்த்தது. பின்னால் மேகம் இல்லையென்று தெரிந்ததும், மெதுவாக ரிவர்ஸ் எடுத்தது.' டிராகனுக்கு ஏது சார் மிரர்?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் 'களுக்'கென்று சிரித்தார்கள்.

"தெரிஞ்சதைத்தானே மேடம் எழுத முடியும்."

"எழுதச் சொல்லி யார் அழுதா?" நூலகர் ஸ்கேலை வைத்து முதல் தாளைக் கிழிக்கப் போனார்.

டிரைவரின் கை குறுக்கே வந்தது.

"வேண்டாம் மேடம். வீட்டுக்காரி ரெண்டு மாசமா ஆஸ்பத்திரியில கிடந்தா. சாப்பாடு வேண்டாம், மருந்து வேண்டாம். இதை வாசிச்சா மட்டும் கண்ணைத் திறப்பா. 'கதை முடியற வரைக்கும் தாக்குப்பிடிக்கிறேன்'னு ஒருநாள் விளையாட்டா சொன்னா. நான் முன்னாடியே புரட்டிப் பார்த்தேன். கடைசியில ராணி செத்துப்போறா. அதை எந்த வாயால வாசிக்கிறது?"

நூலகருக்கு அந்தக் கதை தெரியும். ஆயிரம் வருஷம் வாழும் டிராகன் ராணியிடம் கேட்கும்: 'அறுபது வருஷத்தில் போகப்போகிற உன்னை நான் எதற்கு நேசிக்க வேண்டும்?' பதில் சொல்லாமலே ராணி செத்துப்போவாள்.

ஒட்டிய தாளில் ராணி பதில் சொல்லியிருந்தாள்: 'கடைசி ஸ்டாப் எப்படியும் வரும். அதுக்காக யாரையும் ஏத்தாம காலி வண்டியாவா ஓட்டுவே?'

ஸ்கேல் மேஜைக்குத் திரும்பியது. சீல் விழுந்தது.

"இன்னும் ரெண்டு வாரம் வச்சுக்குங்க."

"ரொம்ப நன்றி மேடம். முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்தா. வெளியில பெஞ்சில உட்கார்ந்திருக்கா. கதை இன்னும் ஓடுது" என்றவர், ஆட்டோ பிடிக்க ஓடினார்.

அவர் தலை மறைந்ததும், சுவரைப் பிடித்தபடி ஒரு பெண் மெல்ல உள்ளே வந்தாள்.

"கிழிக்காம விட்டீங்களே, உங்களுக்குப் புண்ணியம். இன்னொரு உதவி மேடம். கல்யாணத்துக்கு முன்னாடியே நான் இந்தப் புத்தகத்தை மூணு தடவை படிச்சிருக்கேன். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"அப்போ ராணி சாகறது..."

"தெரியும். நானும் அப்படியே போயிடலாம்னுதான் இருந்தேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "திடீர்னு ஒருநாள் டிராகன் ரிவர்ஸ் எடுத்துச்சு பாருங்க... இந்த மனுஷனை விட்டுட்டு எப்படிப் போறது?"