ஞாயிற்றுக்கிழமைப் பெயர்

“ஸ்லேட் வேண்டாங்க. உள்ள தகடு விழற சத்தம் எனக்கே கேக்குது” என்றாள் சரோஜா.

குமரேசன், எழுத்தை மறைக்கத் தகடு வைத்த வித்தை ஸ்லேட்டைக் கீழே வைத்தான். மனைவி உட்கார்ந்திருந்தது மூன்றடி தூரத்தில். அவனுடைய ஞாயிற்றுக்கிழமை வித்தை நிகழ்ச்சியில் முதல் வரிசையும் அதே தூரம்தான். செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜின் மாடி அறை, இருபது நாற்காலிகள். ஆசிரமத்துக்கு வந்து தங்கியிருப்பவர்கள்தான் கூட்டம். வாரத்துக்கு வாரம் முகங்கள் மாறிவிடும். கல்யாண மண்டபத்தில் புறா விடுகிறவனுக்குத் தூரம் துணை நிற்கும். அடுத்தவர் மனதில் நினைத்ததைச் சொல்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது.

அடுத்து கவரை எடுத்தான். உள்ளே பூவின் பெயர் அச்சடித்த சீட்டு. கைக்குட்டையில் நனைத்து வைத்திருந்த ஸ்பிரிட்டைக் கவரின் மேல் தடவினால் ஒரு நொடி எழுத்து தெரியும். பிறகு காய்ந்துவிடும்.

“தாமரை” என்றான்.

“சரிதான். ஆனா ஆஸ்பத்திரி வாசனை வருது. ஃபேன் போட்டா கம்மியாவும்.” சரோஜா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அட்டைதான் நல்லா போயிட்டிருக்கே. எதுக்கு இந்த வம்பு?”

அட்டை என்றது பரீட்சை அட்டையை. பார்க்க வந்தவர்களில் ஒருவர் தமக்குப் பிரியமானவரின் பெயரை அதன்மேல் சீட்டு வைத்து எழுதி, மடித்துத் தம் கையிலேயே வைத்துக்கொள்வார். அட்டை மட்டும் குமரேசனிடம் திரும்பும். அதன் மேலுறைக்கு அடியில் கார்பன் தாள், கார்பனுக்கு அடியில் வெள்ளைத் தாள். ஆறு மாதத்தில் ஒருநாளும் அது காலை வாரியதில்லை.

“அந்தம்மா வராங்களே” என்றான் குமரேசன்.



சந்திரம்மாள் கீழ்பென்னாத்தூர்க்காரி. ஒன்பது வாரமாக முதல் நாற்காலி அவளுடையது. யார் எழுதுகிறீர்கள் என்று கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுவாள். ஒவ்வொரு வாரமும் எழுதுவது ஒரே பெயர்: மாறன். கூட்டம் புதிது என்பதால் வேறு யாருக்கும் அது தெரியாது. குமரேசன் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்வான். எல்லோரும் கைதட்டுவார்கள். அவள் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஒரு பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்றும் நடந்தே வந்து சேர்ந்தாள். போன வாரம், ரவிக்கை வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு பை நிறைய வறுத்த வேர்க்கடலையை அவன் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அது காணிக்கை என்று அன்றைக்கே சரோஜா சொன்னாள். பிள்ளை காணாமல் போயிருக்கும் என்றும் சொன்னாள்.

“இந்த ஊர்ல தாடி வச்சிக்கிட்டு சும்மா உக்காந்தாலே சாமியாக்கிடுவாங்க. நீங்க பேரை வேற சொல்றீங்க. நாளைக்கு, என் புள்ள எங்க இருக்கான்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க?”

வாய்க்கு வந்த ஊரைச் சொன்னால் அவள் அங்கே தேடிக்கொண்டு போவாள். தெரியாது என்றால், தெரிந்தும் மறைக்கிறான் என்று நினைப்பாள். ஒரு வாரம் யோசித்தும் அவனுக்கு மூன்றாவது பதில் கிடைக்கவில்லை.

“கவர்தான்” என்றான் முடிவாக. தாமரைக்காக யாரும் அழமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி முன்னதாகவே சந்திரம்மாள் வந்து உட்கார்ந்திருந்தாள். மேசையில் அடுக்கியிருந்த கவர்களைப் பார்த்தாள்.

“அட்டை எங்க தம்பி?”

“இனிமே அது இல்லைம்மா. பூ பேருதான்.”

“பேரு எழுத வேணாமா?”

“வேணாம்மா.”

 அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆறு மணி பஸ்ஸுக்கே போய்விடுவதாகச் சொன்னாள்.

அவளை அப்படி அனுப்ப குமரேசனுக்கு மனம் வரவில்லை. பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். வித்தை காட்டுகிறவன் செய்யக்கூடாத காரியம்தான். மேலுறையை உரித்தான். கார்பனைத் தூக்கினான். கீழே இருந்த தாளில், போன வாரம் அவள் எழுதிய மாறன், அவள் கையெழுத்திலேயே நீலமாக இருந்தது.

“எனக்கு எந்தச் சக்தியும் இல்லைம்மா. இதைப் பார்த்துதான் சொன்னேன். உங்க பையன் எங்க இருக்காருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்கோங்க.”

சந்திரம்மாள் தாளின் மேல் விரலை வைத்தாள். அவள் முகத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

“மொத வாரமே தெரியும் தம்பி. நான் டைலரு. ஜாக்கெட்டுல பூ வேலைக்கு டிசைன் எடுக்கறதே கார்பன்லதான். உங்க கட்டைவிரல்ல மை ஒட்டியிருந்துச்சு.” பிறகு, “அவன் எங்கயும் காணாம போவல. ஓசூர்ல நல்லா இருக்கான். லெட்டர் போடறான்” என்றாள்.

அப்புறம் எதற்காக வாராவாரம் பஸ் ஏறி வருகிறாள் என்று குமரேசன் கேட்டான்.

“வேற ஜாதில கட்டிக்கிட்டான். அவங்கப்பா தலை முழுகிட்டாரு. வீட்லயும் தெருவுலயும் நாலு வருஷமா ஒருத்தரும் அவன் பேரைச் சொல்றதில்ல. இங்கதான் ஒருத்தர் சத்தமா சொல்றீங்க, இருபது பேர் கைதட்றாங்க.” அவள் கார்பனைப் பழையபடி வைத்து, உறையை மூடி, அட்டையை அவன் பக்கம் நகர்த்தினாள். “இதையே வைங்க தம்பி. இன்னைக்கு அவன் பேரோட இன்னொரு பேரும் எழுதணும். பேத்தி பொறந்திருக்கா.”