அண்ணன் ருசித்த ஹங்கேரி

அண்ணன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இடுக்கியால் தன் ஆல்பத்திலிருந்து ஒரு பட அஞ்சலட்டையைத் தூக்கிப் பிடித்தபோதே தம்பிக்கு எரிச்சல் ஆரம்பித்துவிட்டது.

சமைத்ததெல்லாம் மேசைமேல் ஆறிக்கொண்டிருந்தது. அண்ணனோ எத்தியோப்பியாவில் இருந்தார்.

அங்கே குடும்பமே ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுமாம். புளித்த மாவில் சுட்ட ரொட்டியாம். அடுத்தவருக்கு ஒரு வாய் ஊட்டிவிடுவது பெரிய மரியாதையாம்.

எல்லாமே 'ஆம்'தான். ஒன்றையும் கண்டதில்லை, தின்றதில்லை.

பத்திரப்பதிவு அலுவலகத்து நாற்காலியில் உட்கார்ந்தே வயதைக் கழித்தவர். ரயிலில் ஒரு ராத்திரிகூடப் படுத்துப் போனதில்லை. அஞ்சலட்டையைப் பார்த்தே உலகத்தைச் சப்புக்கொட்டுகிற மனுஷன்.

தம்பி அப்படியில்லை. ஆலை கேன்டீனின் தலைமைச் சமையல்காரன். அடுப்பனலில் புருவம் பொசுங்கியவன். வெங்காயம் வதங்கும் சத்தத்தை வைத்தே பதம் சொல்லிவிடுவான். அவனை எதிரே வைத்துக்கொண்டு ருசியைப் பற்றிப் பேச இவருக்கு என்ன யோக்கியதை?

முன்பெல்லாம் அந்த ஆல்பம் அலமாரியோடு கிடந்தது. போன வருஷத்திலிருந்து சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டது. எதைப் பரிமாறினாலும் ஓர் அட்டையை எடுத்துப் படித்துவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவார். கோயில் அர்ச்சகர்கூட இவ்வளவு நேரம் மந்திரம் சொல்லமாட்டார்.

இன்றைக்கு மூக்கை உடைத்துவிடுவது என்று தம்பி முடிவு செய்திருந்தான். தங்கையிடமும் மச்சானிடமும் காதோடு சொல்லியும் வைத்திருந்தான்.

அண்ணன் ஆசைப்பட்டுக் கேட்ட ஹங்கேரிக் குழம்புதான். வெள்ளைச் சுவர் முழுக்கச் சிவப்பு மிளகாய்ச் சரம் தொங்குகிற அட்டையைக் காட்டிக் கேட்டிருந்தார். எல்லாருக்கும் ஒரே பானை. அவர் கிண்ணத்தில் மட்டும் கூடுதலாக ஒரு கரண்டி உப்பு.

அண்ணன் அந்த அட்டையைத் திருப்பி மெல்லப் படித்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வாய் எடுத்து வைத்தார்.

தங்கை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆகா! முதல்ல லேசா ஒரு இனிப்பு. அப்புறந்தான் காரம் வருது. அடியில ஒரு புகை வாசனை, கவனிச்சீங்களா?"

மச்சானுக்குப் புரையேறிவிட்டது.

துப்புவார் என்றுதான் தம்பி காத்திருந்தான். அவரோ கிண்ணத்தை வழித்து முடித்தார். உப்பு என்று ஒப்புக்கொள்ளக்கூட மனசு வராத வீம்பு! இவருக்கு விஷத்தைக் கொடுத்தாலும் விளக்கம் சொல்லிக்கொண்டேதான் விழுங்குவார்.

சிரிப்பை அடக்க முடியாமல் காலிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவன் அடுக்களைக்குள் ஓடினான்.

பின்னாலேயே அண்ணி வந்தாள். கிண்ணத்தின் ஓரத்தை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். உடனே தொட்டியில் துப்பினாள்.

வாயைக் கொப்புளித்துவிட்டு அவனைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவன் அண்ணனைப் பார்த்துவந்த அதே பார்வை.

"போன வருஷம் ஆஸ்பத்திரியில கிடந்தாரே, அதோட நாக்கு செத்துப்போச்சு, தம்பி. உப்பு, உறைப்பு ஒண்ணும் தெரியாது. எதை வாயில வச்சாலும் மண்ணு மாதிரி இருக்காம். என்ன ருசின்னு படிச்சு மனசுல ஏத்திக்கிட்டாத்தான் நாலு வாய் இறங்குது."

"என்கிட்ட ஏன் அண்ணி சொல்லல?"

"உங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னுட்டார். தெரிஞ்சா, எனக்குச் சமைக்கிறப்போ அவனுக்குக் கை ஓடாதுன்னார்."

கூடத்திலிருந்து அண்ணன் உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் இருக்காடா?"

பானை நிறைய இருந்தது. தம்பி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.