முதல் குரல்

ஒச்சாண்டி உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "பால் ஆச்சா?" என்றார்.

அவர் மனைவி ராஜாத்தி அடுப்பில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பாலைக் கொதிக்கவிட்டிருந்தாள். அதில் ஒரு கரண்டி மிளகாய்த்தூளையும் தட்டிவிட்டால் என்ன என்று காலையிலிருந்தே அவளுக்கு ஒரு யோசனை.

"அந்த மனுசனுக்குக் கூவுறதுக்குத்தான இம்புட்டுப் பக்குவம்?"

"இன்னைக்குக் குரல் கடைசி வரிசை வரைக்கும் போகணும்த்தா."

திராட்சை விவசாயிகள் சங்கத்தில் தலைவர் விஜயபாண்டியைத் தவிர யாருக்கும் சொந்தக் கருத்து கிடையாது. அப்படியே ஒன்று இருந்தாலும், பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளேயே வைத்துக்கொள்வார்கள். தலைவர் மேடையில் ஒன்றைச் சொல்வார். கீழேயிருந்து ஒச்சாண்டி முதல் குரல் கொடுப்பார். அப்புறம் மண்டபமே அதைத் திருப்பிச் சொல்லும். அதற்கு ஏகமனதான தீர்மானம் என்று பெயர்.

பதவி விலகுவது தலைவருக்கு வருடாந்தரப் பழக்கம். பொதுக்குழுவில் கைகூப்பி, "வேற ஆளப் பாருங்கப்பா" என்பார். "நீங்க இல்லாம சங்கமே இல்ல" என்று ஒச்சாண்டி எழுந்து கத்துவார். கூட்டமும் கத்தும். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்புக்குக் கட்டுப்பட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

போன ஆவணியில் ஒச்சாண்டியின் மகள் அபிதா, கேரளத்துக் குமுளிக்காரப் பையன் சசிதரனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று தெரிந்ததும் தலைவர் அவசரக் கூட்டம் போட்டார். "கல்யாணத்துக்கு ஒருத்தரும் போகக் கூடாது. நான் இந்த நாற்காலியில இருக்க வரைக்கும் அந்தப் புள்ள ஊர் எல்லைய மிதிக்கக் கூடாது." சொல்லிவிட்டு ஒச்சாண்டியைத்தான் பார்த்தார். பெண்ணைப் பெற்றவன் வாயிலிருந்தே முதல் குரல் வர வேண்டும் என்பது அவருடைய ஆசை.

மறுத்தால் ஒச்சாண்டியின் பழத்தை ஒரு வண்டியும் ஏற்றாது. கொடிக்குக் கவாத்து வெட்ட ஓர் ஆள் வராது. "தலைவர் சொன்னாச் சரி" என்றார் ஒச்சாண்டி. சரி என்றது மண்டபம்.

தாலி கட்டும்போது அட்சதை போடப் பெண் வீட்டுப் பக்கம் ஒரு கை இல்லை. ராஜாத்தி கதவைச் சாத்திக்கொண்டு செல்போனில்தான் பார்த்தாள். இப்போது அபிதாவுக்கு ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர வழியில்லாமல் அங்கேயே இருக்கிறாள்.

"மக வயித்துப் புள்ளையோட அங்கன தவிக்கா. நீங்க இங்கன தொண்டையத் தேத்திக்கிட்டு இருக்கீக. வெக்கமா இல்ல?"

ஒச்சாண்டி பாலை ஊதி ஊதிக் குடித்தார்.

வாசலில் சங்கிலியின் மோட்டார் பைக் வந்து நின்றது. தலைவரின் தகவல்களைச் சுமப்பதும், ஒச்சாண்டிக்கு அடுத்த குரல் கொடுப்பதும் அவனுடைய வேலை.

"அண்ணே, இந்த வருசம் கேமரா வருது. பெரியகுளத்துலருந்து ஆபீசர் வர்றாக. தலைவர் ரெண்டு தடவ பதவி வேணாம்பாகளாம். அதுக்கப்புறந்தான் நீங்க எந்திரிக்கணுமாம். மொதத் தடவையே எந்திரிச்சா உருக்கமா இருக்காதாம்."

"சரிடா. பயலுககிட்டச் சொல்லிரு. நான் என்ன சொல்றேனோ அத அப்படியே பிடிச்சுக்கிறணும். யோசிக்கக் கூடாது."

"என்னைக்குண்ணே யோசிச்சோம்?" என்று வண்டியைத் திருப்பினான் சங்கிலி.

ஒச்சாண்டியும் அவன் பின்னால் ஏறிப் போன பின் ராஜாத்தி கொல்லைப்பக்கம் சென்று ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். புருஷன் வாயைத் திறந்ததும் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து, மேடைக்குப் பாதி, அவருக்குப் பாதி என்று வாரித் தூற்றிச் சாபம் விடுவதாக முடிவு. பெற்ற வயிறு எரிவதை இந்த ஊரும் கொஞ்சம் பார்க்கட்டும்.

மண்டபத்தில் பெண்கள் பக்கம் முன் வரிசையிலேயே போய் உட்கார்ந்தாள்.

தலைவர் எழுந்தார். தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து மடித்து நாற்காலியின் மேல் வைத்தார். கேமரா எந்தப் பக்கம் என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"ஒங்களுக்கு ஒழைச்சு ஒழைச்சு இந்த ஒடம்பு தேஞ்சு போச்சு. பதவி எனக்குப் பாரம். இன்னையிலருந்து நான் சாதாரண உறுப்பினன்."

மண்டபம் ஒச்சாண்டியைப் பார்த்தது. அவர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாத்தான் சொல்லுறேன். ஆபீசரும் சாட்சி. ஒங்க காலத் தொட்டுக் கேக்குறேன், என்னைய விட்ருங்க." தலைவரின் குரல் தழுதழுத்தது. அதையும் வீட்டில் ஒத்திகை பார்த்துத்தான் வந்திருந்தார்.

ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருப்பவன் தனக்கு அடுத்தவனைப் பார்த்தான். ஆபீசர் மட்டும் புரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

ஒச்சாண்டி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மெதுவாக எழுந்தார். தலைவர் கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். சங்கிலியும் அவன் ஆட்களும் மூச்சை இழுத்துத் தயாரானார்கள். ராஜாத்தியின் விரல்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்தன.

ஒச்சாண்டி மேடையைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, மண்டபமே அதிரச் சொன்னார்.

"அண்ணன் இம்புட்டுக் கெஞ்சுறாக, பாவம், விட்ருவோமப்பா."