நீல நாடா

எங்கள் மேப்பிள் தோப்பை யாரும் மனை போட்டு விற்காமல் காப்பதற்காக அரசாங்க மானியம் கேட்டு விண்ணப்பித்தவள் என் மனைவி வில்மா. பிப்ரவரியில் அவள் போய்விட்டாள். ஏப்ரலில் இடத்தைப் பார்க்க வருவோம், அதற்குள் வெட்டக்கூடாத மரங்களுக்கு நீல நாடா கட்டிவையுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான் கட்டவில்லை. அவள் இல்லாத தோப்பு எனக்கெதற்கு?

அதிகாரி கெண்ட்ரா வந்தாள். அவளோடு தோப்புக்குள் போனேன். மரந்தோறும் நாடா இருந்தது.

"பரவாயில்லையே ஹார்லன், எல்லாம் கட்டிட்டீங்க. முடிச்சுதான் தலைகீழா இருக்கு. உங்களுக்கு இடதுகைப் பழக்கமா?"

"எனக்கில்லம்மா, வில்மாவுக்கு. சாகறதுக்கு முன்னாடியே கட்டியிருப்பா."

"போன மாசம் எல்லை பார்க்க வந்தப்போ ஒண்ணுகூட இல்லையே!"

நான் முன்னால் நடந்தேன். ஓடைக்கரையில் கெண்ட்ரா மறுபடி நின்றாள்.

"இது பட்ட மரமாச்சே. இதுக்கு எதுக்கு நாடா?"

"அதையும் அவ வெட்டவிட மாட்டா. நான் கோடரியை எடுத்தாலே சண்டைக்கு வருவா. பட்டுப்போனா என்ன, ஆந்தை குடியிருக்கு, நிக்கட்டும்னு சொல்வா."

கெண்ட்ரா சிரித்தாள். மானியம் கிடைத்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நான் வீட்டுக்குள் வந்து, சமையலறையில் வில்மாவின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது என் மணிக்கட்டில் நீல நாடா கட்டியிருந்தது. முடிச்சு தலைகீழாக இருந்தது.